நரியா, பரியா?

மகாலட்சுமி ரேஸ் கோர்ஸ் என்றாலே நம்மவர்களுக்குச் சூதாட்டம்தான் ஞாபகம் வரும். கோபர்கைரனேயில் என் வீட்டுக்கு வரும் தமிழ் நண்பர்களிடம் குதிரையைப் பற்றி எழுதப் போவதாகச் சொன்னால், "எதுக்கு சார் வம்பு?" என்கிறார்கள். பணம் கட்டுவதைப் பற்றி இல்லை சாமி. அதற்கும் முந்தின கேள்வி: ஒரு ஆண்குதிரை நல்ல குட்டிகளைக் கொடுக்குமா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? தமிழ்நாட்டுக்கு இது எழுநூறு வருஷத்துக் கேள்வி.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ ஒரு விசித்திரத்தை எழுதி வைத்தார். அரசர்கள் வருஷா வருஷம் ஆயிரக்கணக்கில் குதிரை வாங்குகிறார்கள், பெரும்பாலானவை செத்துப் போகின்றன. நல்ல ஆண்குதிரையை நல்ல பெண்குதிரையோடு சேர்த்தாலும் கால் கோணலான நோஞ்சான் குட்டிதான் பிறக்கிறது என்றார். பாரசீக வரலாற்றாசிரியர் வசாஃப் விலையையே சொல்கிறார்: குதிரைக்கு 220 பொன் தினார். கிஷ் தீவிலிருந்து மட்டும் வருஷம் 1,400 குதிரைகள் வர ஒப்பந்தம். காயல் துறைமுகம் வழியாக எவ்வளவு பொன் வெளியே போயிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்!

பழியை மண்ணின் மேலும் வெயிலின் மேலும் போடுவது சுலபம். ஆனால் அதே போலோதான் இங்கே குதிரைக்குச் சோறும் வேகவைத்த இறைச்சியும் போட்டார்கள் என்கிறார். வைத்தியம் தெரிந்த ஆட்கள் இந்தப் பக்கம் வராமல் வியாபாரிகளே பார்த்துக்கொண்டார்களாம். பின்னே, குதிரை பிழைத்துவிட்டால் அடுத்த வருஷ வியாபாரம் என்னாவது? தகப்பன் குதிரை மேல் குற்றம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

நம் திருவிளையாடல் கதையும் குதிரை வியாபாரக் கதைதான். மாணிக்கவாசகருக்காகச் சிவன் ஓட்டி வந்த குதிரைகளைப் பாண்டியன் லட்சணம் பார்த்து, கயிறு மாற்றி வாங்கிக்கொண்டான். ராத்திரி அத்தனையும் நரியாகிவிட்டது. கயிறு மாறியபின் விற்றவருக்குப் பொறுப்பில்லை. இன்றைய பொலிகுதிரை வியாபாரமும் கிட்டத்தட்ட இதேதான்.

1943-இல் இந்தியன் டெர்பி தொடங்கியபோதே அது இந்த நாட்டில் பிறந்த குதிரைகளுக்கான பந்தயம். புனே பக்கத்துப் பண்ணைகளும், ஹைதர், திப்பு காலத்திலிருந்து வரும் குனிகல் பண்ணையும் போலோவுக்குப் பதில் சொல்லிவிட்டன. ஆனால் தகப்பனைத் தேர்ந்தெடுக்கும் தலைவலி தீரவில்லை.

பண்ணைக்காரர்கள் வம்சாவளி பார்ப்பார்கள், ஓடிய பந்தயங்களைப் பார்ப்பார்கள், கால் அமைப்பைப் பார்ப்பார்கள். எல்லாம் சரியாக இருந்தும் கவிழ்ந்த கதைகள் உண்டு. தொடர்ந்து 16 பந்தயம் ஜெயித்த சிகார் என்ற அமெரிக்கக் குதிரைக்கு ஒரு குட்டிகூடப் பிறக்கவில்லை, மலடு. மறுபக்கம் 1989-இல் கென்டக்கி டெர்பி ஜெயித்த சண்டே சைலன்ஸ். அதன் வம்சம் சுமார் என்று அமெரிக்கப் பண்ணைகள் ஆர்வம் காட்டவில்லை. ஜப்பானியர் ஒருவர் வாங்கிப் போனார். 1995 முதல் 2007 வரை ஜப்பானின் முதல்நிலைத் தகப்பன் குதிரை அதுதான்.

இதில் கொடுமை காத்திருப்புதான். பெண்குதிரை சுமக்க பதினோரு மாதம். 2026 ஆரம்பத்தில் சேர்த்தால் குட்டி 2027-இல். இந்தியன் டெர்பி நாலு வயதுக் குதிரைகளுக்கு, ஆக 2031 பிப்ரவரி. அதற்குள் அதே குதிரைக்கு இன்னும் நாலு வருஷக் குட்டிகள் பிறந்திருக்கும், அத்தனைக்கும் கட்டணம் கைமாறியிருக்கும். பாண்டியனுக்காவது அன்று ராத்திரியே தெரிந்துவிட்டது. தவிர, பாதி ரத்தம் தாயுடையது. குட்டி சோடை போனால் யாரைக் குற்றம் சொல்வது?

நம் நாட்டில் எனக்குப் பிடித்த உதாரணம் ரஸீன். புகழ்பெற்ற நார்தர்ன் டான்சரின் மகன். 1990 இங்கிலாந்து டெர்பியில் எல்லோரும் இதுதான் ஜெயிக்கும் என்று பணம் கட்டினார்கள். பின்வரிசையில் வந்து சேர்ந்தது. அப்படித் தோற்றிருக்காவிட்டால் இந்தியப் பண்ணைக்குக் கட்டுப்படியாகும் விலைக்கு வந்திருக்குமா என்பது சந்தேகம். உஷா ஸ்டட் அதைக் கொண்டுவந்தது. இந்தியாவின் தகப்பன் குதிரைகள் பட்டியலில் பலமுறை முதலிடம்! அதே பண்ணைக்கு வந்த பிளேசர்வில் 1993-இல் ராயல் ஆஸ்காட்டில் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் ஸ்டேக்ஸ் ஜெயித்த குதிரை. அதுவும் இங்கே பேர் வாங்கியது. தோற்ற குதிரை, ஜெயித்த குதிரை இரண்டுக்கும் இங்கிலாந்தில் பயிற்சி கொடுத்தவர் ஒருவரே, ஹென்றி செசில்.