செங்கற்பட்டுக் கோட்டை: இடிக்கப்படாத அரணின் சிதைவு

செங்கற்பட்டுக் கோட்டையின் வரலாறு பெரும்பாலும் உடைமையாளர் பட்டியலாகவே எழுதப்பட்டு வருகிறது. விசயநகரத்தார், கோல்கொண்டா சுல்தான்கள், ஆர்க்காட்டு நவாபுகள், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலக் கும்பினியார் என்னும் அவ்வரிசை பிழையன்று. எனினும் இக்கோட்டையை ஏன் ஒவ்வொருவரும் விரும்பினர், வென்றவர் ஏன் இடிக்காமல் விட்டனர் என்னும் வினாக்களுக்கு அதில் விடையில்லை.

செங்கழுநீர்ப்பட்டு என்பதே ஊர்ப்பெயரின் மூலவடிவம் என்பர். பெயரிலேயே நீர் உள்ளது. கோட்டையின் ஒரு பக்கத்தைக் கொளவாய் ஏரியும் பிற பக்கங்களைச் சதுப்பும் அகழியும் காத்தன. திருக்குறளின் அரண் அதிகாரம் அரணுறுப்புகளை எண்ணுமிடத்து நீரையே முதலில் வைப்பது இங்கு நினைக்கத்தக்கது. தலைக்கோட்டைப் போருக்குப் (1565) பின்னர், 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில், திம்மராயர் இதனைக் கட்டினார் என்பது மரபு. உள்ளிருந்த ராசாமகால் காஞ்சிபுரத்துத் தேரைப் பார்த்து எழுப்பப்பட்டது என்பதும் அவ்வாறே செவிவழிச் செய்தியாகும். 1640-களில் கோல்கொண்டாவுக்கும், அதன் வீழ்ச்சிக்குப் பின் (1687) முகலாயர் வழியே ஆர்க்காட்டு நவாபுகளுக்கும் கோட்டை கைமாறியது.

நவாபுப் பதவிக்கான போட்டியில் 1751-இல் சந்தா சாகிபு தரப்பில் பிரெஞ்சுப் படை இங்கு அமர்த்தப்பட்டது. அடுத்த ஆண்டு ராபர்ட் கிளைவ், இங்கிலாந்திலிருந்து புதிதாக வந்திறங்கிய 200 பேருடனும் புதிதாகத் திரட்டிய 500 சிப்பாய்களுடனும் முதலில் கோவளத்தைத் தாக்கினார். கோவளம் பணிந்தது. அதனை மீட்கச் செங்கற்பட்டிலிருந்து வந்த படை, செய்தி அறியாமல் பதுங்கியிருந்தோர் கையில் சிக்கிச் சிதறியது. தொடர்ந்து செங்கற்பட்டு முற்றுகையிடப்பட்டது. மதிலில் உடைப்பு ஏற்பட்டதும் பிரெஞ்சுத் தளபதி உடன்பாடு செய்துகொண்டு வெளியேறினார்.

ஒரே படையெடுப்பில் வெல்லப்பட்ட இவ்விரு கோட்டைகளின் பிற்கால நிலை வேறுபட்டது. கோவளம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. பிரெஞ்சுக்காரர் வசமிருந்த ஆலம்பரையும் 1760-இல் அவ்வாறே அழிந்தது. கடற்கரைக் கோட்டை மாற்றார் கப்பலுக்கு மீண்டும் பயன்படக்கூடும். உள்நாட்டு நீரரண் சென்னையின் தென்வாயிலைக் காக்கும். இவ்வேறுபாடே செங்கற்பட்டைக் காத்தது எனக் கருதலாம்.

பின்வந்த போர்கள் அக்கணக்கு சரியென்றே காட்டின. 1758-இல் லாலியின் வரவறிந்து கோட்டையைக் கைவிட்ட ஆங்கிலேயர், தவறுணர்ந்து விரைவில் மீண்டும் புகுந்தனர். லாலியோ இதனைக் கைப்பற்றாமலே சென்னையை முற்றுகையிட்டார். விளைவாக, கேப்டன் பிரெஸ்டனும் மருதநாயகம் யூசுப்கானும் இங்கிருந்து புறப்பட்டுப் பரங்கிமலை வரை சென்று பிரெஞ்சுப் படையின் பின்புறத்தை அலைக்கழித்தனர். 1780 செப்டம்பரில் பொள்ளிலூரில் பெய்லியின் படை ஐதர் அலியிடம் அழிந்தபோது, எக்டர் மன்றோ காஞ்சிபுரத்துக் குளத்தில் தம் பீரங்கிகளைத் தள்ளிவிட்டு ஓடி ஒதுங்கியதும் இக்கோட்டையில்தான். பாளையக்காரர் போர்களுக்குத் தரப்படும் கவனத்தில் ஒரு பங்கேனும் இந்நிகழ்ச்சிகளுக்குத் தமிழில் கிட்டவில்லை.

இதனிடையே உடைமை என்பதன் பொருளே மாறிவந்தது. 1763-இல் நவாபு முகம்மது அலி இச்சுற்றுவட்டாரத்தைக் கும்பினிக்குச் சாகீராக அளித்தார். தாமசு பார்னார்டு 1767 முதல் 1774 வரை நடத்திய அளவாய்வில் ஏறத்தாழ 2,000 ஊர்களின் நிலம், குடி, மானியம் ஆகியவை பதிவாயின. இனிக் கோட்டையைக் கொள்வதைவிட ஏரிப் பாசனத்தையும் அதன் வரியையும் கொள்வதே ஆட்சி என்றாயிற்று. 1794-இல் கலெக்டராக வந்த லயனல் பிளேசின் பெயர் இன்று வழங்குவது கோட்டைச் சுவரோடு அன்று. மதுராந்தகம் ஏரிகாத்த ராமர் கோயில் மரபோடுதான்.

மைசூர்ப் போர்கள் ஓய்ந்தபின் கோட்டைக்குப் படைத்தேவை இல்லை. இடமும் கட்டடமும் மட்டும் தேவைப்பட்டன. உள்ளே அரசு அலுவலகங்களும், 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சிறார் சீர்திருத்தப் பள்ளியும் குடியேறின. சென்னையிலிருந்து தாம்பரம் வழியே தெற்கே செல்லும் இருப்புப்பாதை கோட்டைப் பரப்பையே ஊடறுத்தது. பீரங்கியால் வந்த உடைப்பைவிடப் பெரிய உடைப்பு இதுவே. முற்றுகையில் விழுந்த மதிலைப் பின்வந்தோர் பழுதுபார்த்தனர். பாதைக்காகத் திறக்கப்பட்ட இடத்தை அடைக்க எவருக்கும் காரணமில்லை. 2019 நவம்பரில் செங்கற்பட்டு தனி மாவட்டமாகித் தாம்பரமும் அதனுள் அடங்கியது. அன்றாடம் அப்பாதையில் பயணிக்கும் புறநகர் மக்கள், அறியாமலே அக்கோட்டைக்குள் நுழைந்து வெளியேறுகின்றனர்.