ஸ்ட்ராடிவாரிக்குப் பிறகும் மரம் வளர்கிறது

மெண்டல்சன் தன் பதினாறாவது வயதில், 1825-ல், எட்டு வாத்தியங்களுக்காக எழுதிய ஆக்டெட்டின் ஒரு ஒலிப்பதிவு இருக்கிறது. நான்கு வயலின், இரண்டு வியோலா, இரண்டு செல்லோ. ஆனால் வாசித்தவர்கள் நான்கே பேர். அமெரிக்காவின் எமர்சன் குவார்டெட் எட்டுப் பகுதிகளையும் தாங்களே தனித்தனியாக வாசித்து, ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து 2005-ல் வெளியிட்டார்கள். அதில் இன்னொரு விளையாட்டும் உண்டு. நான்கு பகுதிகளைப் பழைய வாத்தியங்களில் வாசித்தார்கள். மீதி நான்கை நியூயார்க்கின் புரூக்ளினில் உயிரோடு இருக்கும் ஒரே ஒருவர் செய்த புது வாத்தியங்களில்.

எது பழசு, எது புதுசு என்று கண்டுபிடிக்க நான் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு பல இரவுகள் உட்கார்ந்திருக்கிறேன். இன்றுவரை முடியவில்லை. என் காது பயிற்சி இல்லாத காது, அது வேறு விஷயம். பயிற்சி பெற்ற காதுகளின் கதைக்குப் பிறகு வருகிறேன்.

அந்த வாத்தியங்களைச் செய்தவர் சாமுவேல் ஜிக்மண்டோவிச். 1956-ல் ஃபிலடெல்ஃபியாவில் பிறந்தவர். பெற்றோர் போலந்து யூதர்கள், நாஜிகளின் இனப்படுகொலையிலிருந்து உயிர் தப்பி வந்தவர்கள். வீட்டில் வயலின் செய்யும் பரம்பரை எதுவும் கிடையாது. அந்தத் தொழிலின் வரலாற்றைப் பார்த்தால், பரம்பரை என்று சொல்லிக்கொள்ள பெரும்பாலும் யாருக்கும் எதுவும் மிஞ்சவில்லை என்பதுதான் உண்மை.

இத்தாலியின் க்ரெமோனாவில் அந்தோனியோ ஸ்ட்ராடிவாரி 1737-ல் இறந்தார். அப்பாவோடு பட்டறையில் வேலை பார்த்த இரண்டு மகன்களும் அடுத்த ஆறு வருடங்களுக்குள் போய்ச் சேர்ந்தார்கள். ஓமோபோனோ 1742-ல், ஃப்ரான்செஸ்கோ 1743-ல். அவருடைய அச்சுகளும் வரைபடங்களும் கொஞ்சம் கிடைத்தன. ஏன் அப்படிச் செய்தார் என்பதை மட்டும் யாரும் எழுதிவைக்கவில்லை. நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்ட, ஒரு வரி கமெண்ட்கூட இல்லாத பழைய கோடைத் திறந்து பார்க்கும்போது வயிற்றில் ஒரு கலக்கம் வரும். ஓடுகிறது, நன்றாகவே ஓடுகிறது, ஆனால் ஏன் ஓடுகிறது என்று தெரியாது. வயலின் செய்பவர்கள் முன்னூறு வருடங்களாக அந்தக் கலக்கத்தோடு இருக்கிறார்கள்.

அப்படியென்றால் வித்தை எப்படித் தப்பிப் பிழைத்தது? ரிப்பேர் கடைகளில். பழைய வயலின் விரிசல் விட்டால் யாராவது திறந்துதானே ஆக வேண்டும். திறப்பவருக்கு உள்ளே இருக்கும் மரத்தின் கனம், உளி பட்ட தடம், பசை போட்ட விதம் எல்லாம் தெரிந்துவிடும். இருபதாம் நூற்றாண்டில் அப்படி அதிகம் பார்த்த கைகளில் ஒன்று சிமோனே சக்கோனியுடையது. ரோமில் பிறந்து, நியூயார்க்கின் வுர்லிட்சர் கடையில் வேலை பார்த்தவர். ஸ்ட்ராடிவாரியின் செய்முறை பற்றி 1972-ல் ஒரு புத்தகமே எழுதினார். அந்தக் கடையில் அவரிடம் கற்றவர் பிரெஞ்சுக்காரர் ரெனே மொரெல். மொரெலிடம் 1980 முதல் ஐந்து வருடம் வேலை பார்த்தவர் ஜிக்மண்டோவிச். அதற்கு முன்பு சால்ட் லேக் சிட்டியில், ஜெர்மனியிலிருந்து வந்த பீட்டர் பால் ப்ரியர் 1972-ல் தொடங்கிய வயலின் பள்ளியில் படித்தார். இப்படி இத்தாலி, பிரான்ஸ், ஜெர்மனி மூன்றும் அமெரிக்க நகரங்களில் வந்து ஒரு இளைஞனின் கையில் சேர்ந்தன. 1985-ல் அவர் சொந்தப் பட்டறை வைத்தார்.

பட்டறையில் என்னதான் நடக்கிறது? வயலினின் மேல்பலகை ஸ்ப்ரூஸ் மரம். அடிப்பலகையும் பக்கங்களும் கழுத்தும் மேப்பிள். ஒரே கட்டையை இரண்டாகப் பிளந்து, புத்தகத்தை விரிப்பது போல விரித்து ஒட்டுவார்கள். அப்போதுதான் இரண்டு பக்கமும் ரேகை ஒத்துப்போகும். மேடாக இருக்கும் பலகையை வளைத்துச் செய்வதில்லை. கனமான கட்டையிலிருந்து செதுக்கிச் செதுக்கி எடுக்கிறார்கள். முதலில் பெரிய உளி, பிறகு கட்டைவிரல் அளவே இருக்கும் இழைப்புளி, கடைசியில் மெல்லிய இரும்புத் தகட்டால் சுரண்டல். மேல்பலகை ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டருக்கு வந்து நிற்கும். அடிப்பலகை நடுவில் அதைவிடக் கனம், ஓரத்துக்குப் போகப் போக மெலியும். இந்த மெல்லிய பெட்டிதான் இருபது கிலோவுக்கும் மேலான தந்தியின் இழுவிசையைத் தாங்க வேண்டும். கனம் கூடினால் ஊமை. குறைந்தால் உடைசல். நடுவில் இருக்கிற இடம் மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கு. அதுவும் ஒவ்வொரு மரத்துக்கும் மாறும்.

ஒட்டுவது வஜ்ரத்தால். நம்மூர் ஆசாரிகள் ஒரு காலத்தில் காய்ச்சிய அதே தோல் பசைதான். காரணம் பழமைப் பற்று கிடையாது. கத்தியை நுழைத்து நெம்பினால் அந்தப் பசை விட்டுக்கொடுக்கும், மரம் உடையாது. இன்று செய்கிறவர், நூறு வருடம் கழித்து யாரோ இதைத் திறப்பார் என்று நினைத்தே மூடுகிறார். பெட்டிக்குள் இரண்டு பலகைகளுக்கும் நடுவே, பசையே இல்லாமல், வெறும் அழுத்தத்தில் ஒரு சின்னக் குச்சி நிற்கும். ஆங்கிலத்தில் சவுண்ட் போஸ்ட். பிரெஞ்சிலும் இத்தாலியிலும் அதற்குப் பெயர் ஆன்மா. அதை ஒரு மயிரிழை நகர்த்தினாலும் குரல் மாறிவிடும்.

ஜிக்மண்டோவிச்சுக்குப் பெரிய பெயர் வந்தது நகல்களால். ஐசக் ஸ்டெர்ன் தன்னுடைய குவார்னெரி வயலின்களின் நகல்களை அவரிடம் செய்து வாங்கினார். ஸ்டெர்ன் 2001-ல் காலமான பிறகு, 2003-ல் அவருடைய வாத்தியங்கள் ஏலத்துக்கு வந்தன. ‘பனெட்’ என்ற குவார்னெரியைப் பார்த்து 1994-ல் செய்த நகல் 1,30,000 டாலருக்குப் போனது. உயிரோடு இருக்கும் ஒருவர் செய்த வயலினுக்கு ஏலத்தில் அதுவரை யாரும் அவ்வளவு கொடுத்ததில்லை. அதே ஏலக் கம்பெனி 2011-ல் ‘லேடி பிளன்ட்’ என்ற ஸ்ட்ராடிவாரியை ஒரு கோடியே 59 லட்சம் டாலருக்கு விற்றது. நூறு மடங்குக்கும் மேல். இந்த இடைவெளியில் எவ்வளவு ஓசை, எவ்வளவு கதை?

கண்ணைக் கட்டிப் பார்த்தார்கள். 2010-ல் இண்டியானாபொலிஸ் நகரின் ஒரு ஹோட்டல் அறையில், பிரெஞ்சு ஆய்வாளர் க்ளோடியா ஃப்ரிட்ஸும் வயலின் தயாரிப்பாளர் ஜோசப் கர்ட்டினும் நடத்திய சோதனை அது. 21 வயலின் கலைஞர்கள், ஆறு வயலின்கள். மூன்று பழசு, மூன்று புதுசு. கண்ணில் வெல்டிங் கண்ணாடி. பழைய மரத்தின் வாசனை காட்டிக்கொடுக்கக் கூடாது என்று வயலினின் தாடைத்தாங்கியில் ஒரு சொட்டு சென்ட். ஒன்றை வீட்டுக்கு எடுத்துப்போகலாம் என்றால் எது என்று கேட்டதற்கு, 13 பேர் புதியதைக் கை காட்டினார்கள். ஹோட்டல் அறையில் சோதித்தால் ஆச்சா என்று எதிர்ப்பு கிளம்பியது. நியாயமான கேள்விதான். 2012-ல் பாரிஸில், கச்சேரி அரங்கத்தையும் சேர்த்துக்கொண்டு, பத்து தனிக்கச்சேரிக் கலைஞர்களோடு மறுபடி செய்தார்கள். ஆறு பேர் புதியதையே எடுத்தார்கள். எது பழசு என்று ஊகித்ததில் சரியும் தவறும் ஏறக்குறையப் பாதிக்குப் பாதி. காசைச் சுண்டிப் பார்த்திருக்கலாம்.

இந்த இடத்தில் கட்டுரையை முடித்தால் என்னைப் போன்ற எஞ்சினியர்களுக்கு ரொம்ப வசதி. டேட்டா பேசிவிட்டது, மீதியெல்லாம் பிரமை என்று லேப்டாப்பை மூடிவிடலாம். ஆனால் யூஜீன் ட்ரக்கரை என்ன செய்வது?

ட்ரக்கர் 2023 வரை எமர்சன் குவார்டெட்டின் வயலின் கலைஞராக இருந்தவர். 1686-ல் செய்த ஸ்ட்ராடிவாரி அவரிடம் இருந்தது. அழகான குரல், ஆனால் வானிலை மாறினால் முரண்டு பிடிக்கும். பெரிய அரங்குகளுக்கு இன்னும் கொஞ்சம் வலு வேண்டும் என்று அவருக்கு இருந்தது. குழுவின் மற்றொரு வயலின் கலைஞர் ஃபிலிப் செட்ஸர் ஏற்கெனவே ஜிக்மண்டோவிச் வயலினுக்கு மாறிச் சந்தோஷமாக இருந்தார். ட்ரக்கரும் ஒன்று செய்யச் சொன்னார். அது உருவான கதையை ஜான் மார்ச்சஸ் ஒரு புத்தகமாகவே எழுதியிருக்கிறார். வயலின் வந்தது. ட்ரக்கருக்கு முழுத் திருப்தி வரவில்லை. பட்டறைக்கு எடுத்துப்போனார், சரிசெய்தார்கள், வாசித்தார், மறுபடி போனார். புதியதையும் விடவில்லை, பழையதையும் விடவில்லை.

முதலில் படித்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. காதை நம்பாமல் பெயரை நம்புகிறார் என்று தோன்றியது. இப்போது அப்படி நினைக்கவில்லை. அந்தச் சோதனைகள் கேட்டது, சில நிமிடங்களில் எது பிடிக்கிறது என்று. ட்ரக்கர் வருடக்கணக்காக ஒரு பெட்டியோடு வாழ்ந்தவர். எந்தச் சுரம் எங்கே இடறும், வில்லை எங்கே எவ்வளவு அழுத்தினால் குரல் இளகும் என்று அவர் கைக்குத் தெரியும். ஜிக்மண்டோவிச் செய்து கொடுத்தது நல்ல வயலின். அந்த வருடங்களைச் செதுக்கிக் கொடுக்க எந்த உளியாலும் முடியாது. அவை வாசித்துத்தான் வர வேண்டும்.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த பகுதி அடுத்து நடந்தது. 2006-ல் ஜிக்மண்டோவிச்சும் இயற்பியலாளர் ஜார்ஜ் பிஸ்ஸிங்கரும் சேர்ந்து இரண்டு ஸ்ட்ராடிவாரிகளையும் ஒரு குவார்னெரியையும் லேசர் கருவிகளுக்கு முன் வைத்தார்கள். அதிரும்போது வயலினின் ஒவ்வொரு புள்ளியும் எந்தத் திசையில் எவ்வளவு அசைகிறது என்று அளந்தார்கள். சி.டி. ஸ்கேனும் எடுத்தார்கள். அசைவைப் பெரிதாக்கிக் காட்டும் படங்களில் வயலின் மூச்சுவிடும் பிராணி மாதிரி இருக்கிறது. இவ்வளவையும் பெட்டியில் பூட்டி வைத்திருந்தால் அவருக்குத் தொழில் ரகசியம். 2009-ல் அதை டி.வி.டி.யாக எல்லோருக்கும் வெளியிட்டார்கள். ஒஹையோவின் ஓபர்லின் நகரில் கோடைதோறும் வயலின் தயாரிப்பாளர்கள் கூடி, ஒரே மேசையில் வேலை செய்து, போன வருடம் சொதப்பியதையும் சேர்த்துப் பகிர்ந்துகொள்கிறார்கள்.

க்ரெமோனாவின் வித்தை சில குடும்பங்களின் பட்டறைக்குள் இருந்தது, அந்தக் குடும்பங்களோடு முடிந்தது. இவர்கள் கமெண்ட் எழுதிவிட்டுப் போகிறார்கள்.

நேற்று இரவும் ஆக்டெட்டைக் கேட்டேன். கடைசிப் பகுதியில் செல்லோ தொடங்க, ஒவ்வொருவராகத் துரத்திக்கொண்டு நுழைகிறார்கள். இரண்டாவது நிமிடம் தாண்டியபோதுதான் கவனித்தேன், எது பழசு என்று தேடவே இல்லை.