நேரவரம்பு நிறுத்தம் (கணினி)

ஓடும் நிரலொன்றை, குறித்த நேரம் கடந்ததும் ஆள் தலையிடாமலே முடித்துவைக்கும் ஏற்பாடு. எந்த நிரலைக் கொடுத்தாலும் அது முடியுமா, முடியாதா என்று சொல்லிவிடும் பொதுவழி இல்லை என்பதை அலன் டூரிங் 1936இல் நிறுவினார். ஆதலால் பணிசெயல் முறைமை நிரலை ஆராய்வதில்லை, கடிகாரத்தைப் பார்க்கிறது.

கணினியின் நேரத்தைப் பலருக்குத் துண்டுகளாகப் பங்கிட்டு, துண்டு தீர்ந்ததும் நிரலை இடைநிறுத்தும் நேரப்பகிர்வு என்ற கருத்து ஜான் மக்கார்த்தியுடையதா, கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சியுடையதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. இருவரும் 1959இல் அதைப்பற்றி எழுதினர். ஒரே பொருளில் எழுதினர் என்று சொல்வதற்கில்லை. பெர்னாண்டோ கோர்பாட்டோவின் குழு எம்ஐடியில் 1961 நவம்பரில் அதை இயக்கிக் காட்டியது.

ஐபிஎம் 1964இல் அறிவித்த 360 கணினி வரிசையில்தான் நேரவரம்பு பலரின் அன்றாட வேலைக்குள் வந்தது. துளையட்டைக் கட்டின் முகப்பில் வைக்கும் வேலை அட்டையில் நிமிடமும் விநாடியும் எழுதலாம். தாண்டினால் வேலை முறிந்து, அச்சுத்தாளில் 322 என்ற குறியீடு விழும். குறைத்துக் கேட்டால் பாதியில் போகும். கூட்டிக் கேட்டால் பல நிலையங்களில் வரிசையின் பின்னால் தள்ளப்படும். ஆகவே தன் நிரலின் ஆயுளை முன்கூட்டிக் கணிப்பதும் நிரலாளரின் தொழிலாயிற்று. 1439 நிமிடம் கேட்டவருக்கு 1439தான். ஒரு நாளின் முழுக் கணக்கான 1440ஐ எழுதியவருக்கோ வரம்பே கிடையாது! சென்னை ஐஐடியில் 1973இல் நிறுவப்பட்ட ஐபிஎம் 370/155 இந்த 360 வரிசையின் வாரிசு.

யுனிக்ஸில் நெடுங்காலம் கைவேலைதான். ஸ்கிரிப்ட் நிரலைப் பின்னணியில் ஓடவிட்டு, அதன் செயல்முறை எண்ணைக் குறித்துக்கொள்ளும். சற்று உறங்கி எழுந்து ‘கில்’ கட்டளையை அனுப்பும். நிரல் முன்பே முடிந்து அதே எண் வேறொன்றுக்குப் போயிருந்தால், சம்பந்தமில்லாத நிரல் பலியாகும். 2008இல் குனூ கோர்யூட்டில்ஸ் 7.0இல் சேர்ந்த ‘டைம்அவுட்’ இவ்வேலையை ஒரே வரிக்குள் அடக்கியது. முதலில் முடித்துக்கொள்ளுமாறு சைகை தரும். நிரல் கோப்புகளை ஒழுங்குசெய்துவிட்டு விலகலாம். விலகாததை, கேட்டிருந்தால் மட்டும், தடுக்க முடியாத சைகையால் வெட்டும். நேரம் தீர்ந்ததை 124 என்ற முடிவுக் குறியீடு சொல்லும். யுனிக்ஸின் இன்னொரு கட்டளையான ‘யூலிமிட்’ எண்ணுவது செயலி உழைத்த நேரத்தை. சும்மா காத்திருக்கும் நிரல் அதில் அகப்படாது. விண்டோஸில் ‘டைம்அவுட்’ என்ற பெயருள்ள கட்டளை எதையும் நிறுத்தாது, வெறுமனே காத்திருக்கும்.

மேகக் கணிமையில், 2014இல் வந்த அமேசான் லாம்டா சேவையில் நிரல் ஓடுவதற்கான உச்சவரம்பு 2018 முதல் 15 நிமிடம். நிரலாக்கப் போட்டிகளிலும் நேரவரம்பு உண்டு: இலங்கை 1992 முதல் பங்கேற்கும் சர்வதேசத் தகவலியல் ஒலிம்பியாட்டில், நேரத்தைத் தாண்டும் நிரலுக்கு அந்தச் சோதனைக்கான புள்ளி கிடைக்காது.