அண்டை மலையில் வில்: அமெரிக்க மேற்கில் எல்க் வேட்டை உருவான வரலாறு

கொலராடோ, வயோமிங், மொன்டானா, ஐடஹோ ஆகிய மாநிலங்களில் ராக்கி மலைத்தொடரின் அடிவாரத்தில் வாழும் வேட்டையாளர்களில் கணிசமானோர், செப்டம்பர் மாதம் தொடங்கியதும் துப்பாக்கியை வீட்டில் வைத்துவிட்டு, வில்லும் அம்புமாகத் தம் ஊரை ஒட்டிய பொதுக் காடுகளுக்குள் எல்க் மானைத் தேடிச் செல்கின்றனர். நம் மலைகளின் கடமானுக்கு உறவான எல்க், அதனினும் உடல் பெருத்தது. அதன் கலை, அதாவது ஆண், 300 கிலோவைத் தாண்டுவதுண்டு. இவ்வேட்டையைக் காண்போர் அதைத் தொல்மரபின் தொடர்ச்சி என்றே கருதக்கூடும். ஆனால் அத்தொடர்ச்சி இடையில் வன்முறையாக அறுக்கப்பட்டது என்பதும், இன்றுள்ள வடிவம் இருபதாம் நூற்றாண்டின் சட்டங்களாலும் கடன்பெற்ற கைத்திறனாலும் புதிதாக உருவாக்கப்பட்டது என்பதும் வரலாற்றை நோக்கினால் புலப்படும்.

எல்லோஸ்டோன் உயர்நிலங்களில் வாழ்ந்த ஷோஷோன் மக்களின் ஒரு பிரிவினரான துக்குதிகர், மலையாட்டின் கொம்பைச் சூடேற்றி நிமிர்த்தி, முதுகுப்புறத்தில் விலங்கு நரம்பை ஒட்டிச் செய்த குறுவில்கள் அண்டை இனத்தாரால் பெரிதும் மதிக்கப்பட்டன. 1872இல் அந்நிலம் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டு, அடுத்த பத்தாண்டுக்குள் அம்மக்கள் அங்கிருந்து அகற்றப்பட்டபோது, வில்லோடு அதைச் சார்ந்த மலையறிவும் வெளியேறியது. அதே காலத்தில் இறைச்சிக்கும் தோலுக்கும், ஆபரணமாக விலைபோன கோரைப் பற்களுக்குமாக எல்க் கூட்டங்கள் சுட்டு வீழ்த்தப்பட்டன. ஐரோப்பியர் வருகைக்கு முன் ஏறத்தாழ ஒரு கோடி என மதிப்பிடப்படும் அவற்றின் தொகை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு இலட்சத்துக்கும் கீழே இறங்கியது. கிழக்குப் பகுதி எல்க்கும், அரிசோனா, நியூ மெக்சிகோ பகுதிகளின் மெரியம் எல்க்கும் அடியோடு அழிந்தன.

மீட்பு மெல்லவே நடந்தது. சட்டத்துக்குப் புறம்பாகக் கொல்லப்பட்ட விலங்குகளை மாநில எல்லை கடத்தி விற்பதைத் தடுத்த 1900ஆம் ஆண்டின் லேசி சட்டம், 1912இல் வயோமிங்கின் ஜாக்சன் பகுதியில் அமைக்கப்பட்ட தேசிய எல்க் புகலிடம், எல்லோஸ்டோனிலிருந்து இரயிலேற்றி அனுப்பப்பட்ட ஆயிரக்கணக்கான விலங்குகள் ஆகியவற்றால் மந்தைகள் மீண்டன. துப்பாக்கி, தோட்டா விற்பனையின் மீதான வரியை வனவிலங்குப் பணிக்கே ஒதுக்கிய 1937ஆம் ஆண்டின் பிட்மன்–ராபர்ட்சன் சட்டம் இதற்கு நிலையான வருவாய் தந்தது.

அறுந்த மரபை மீண்டும் பிணைத்த இழை கலிபோர்னியாவிலிருந்து வந்தது. குடியேறிகளின் படுகொலைகளால் அழிக்கப்பட்ட யாஹி இனத்தில் எஞ்சியிருந்த ஒருவர் 1911 ஆகஸ்டில் ஓரோவில் நகரருகே தனியராகத் தோன்றினார். அவரை அறிஞர்கள் இஷி என்று அழைத்தனர். சான் பிரான்சிஸ்கோவிலிருந்த பல்கலைக்கழக அருங்காட்சியகம் அவருடைய இருப்பிடமாயிற்று. பல்கலைக்கழக மருத்துவர் சாக்ஸ்டன் போப் அவருக்கு மருத்துவம் பார்க்க வந்து, பின்னர் அவரிடமே மாணவரானார். ஜூனிபர் மரத்தில் நரம்பு ஒட்டி வில் செய்வதையும் எரிமலைக் கண்ணாடிக் கல்லைச் செதுக்கி அம்புமுனை ஆக்குவதையும் இஷி காட்டிக்கொடுத்தார். அவற்றைவிட ஆழமானது வேட்டை ஒழுக்கம் பற்றிய அவரது பாடம்: வேட்டைக்கு முந்திய நாள் மீன் உண்ணாமை, புகை பிடியாமை, விடியலில் ஓடையில் நீராடி மணமுள்ள இலைகளை உடம்பில் தேய்த்துக்கொள்ளல், விரல்களில் இதழ் வைத்து உறிஞ்சி முயலின் கீச்சொலி எழுப்புதல். விலங்கின் மூக்கையும் செவியையும் மையமாகக் கொண்ட இவ்வறிவு, எவ்வளவு தொலைவுக்கு எய்யலாம் என்ற கேள்வியை எவ்வளவு அருகில் செல்லலாம் என்று திருப்பி அமைத்தது. 1916இல் இஷி காசநோயால் இறந்தார். போப் தம் வேட்டைகளுக்கு ஆங்கிலேய மரபின் யூ மர நெடுவில்லையே விரும்பினாரெனினும், 1923இல் அவர் வெளியிட்ட வில்வேட்டை நூல் இஷியிடமிருந்தே தொடங்குகிறது. அவரும் தோழர் ஆர்தர் யங்கும் சேர்ந்து பெற்ற புகழ் பெரிது. 1961இல் வில்வேட்டையாளர்களுக்காக நிறுவப்பட்ட சங்கம் அவ்விருவரின் பெயரையே தாங்கியது. ஆசிரியராயிருந்த இஷியின் பெயர் அதில் இடம்பெறாதது இந்த வரலாற்றின் வருந்தத்தக்க பக்கம்.

தனி வில்வேட்டைப் பருவம் என்ற ஏற்பாட்டை 1934இல் விஸ்கான்சின் மாநிலம் மான் வேட்டைக்காகத் தொடங்கியது. காலப்போக்கில் மேற்கு மாநிலங்கள் அதை எல்க்குக்கும் விரித்தன. வில்லாளிகளில் வெறுங்கையோடு திரும்புவோரே மிகுதி என்பதால், மந்தைக்குப் பெரும் இழப்பின்றி அவர்களுக்கு நீண்ட பருவத்தை, அதுவும் கலைகள் பிணைகளை நாடி மலை எதிரொலிக்கக் கூவும் செப்டம்பரிலேயே, அளிக்க இயன்றது. அக்கூவலுக்கு எதிர்க்கூவல் கொடுத்துக் கலையை நாற்பது மீட்டருக்குள் வரவழைப்பதே வேட்டையின் நுட்பம். விடியலில் குளிர்ந்த காற்று சரிவில் இறங்கும். வெயில் ஏறியதும் அதே காற்று மேல்நோக்கித் திரும்பும். இந்த மாற்றத்தைக் கணிக்கத் தவறியவரின் வாடை விலங்கை எட்டிவிட, காலை முழுவதும் பட்ட பாடு வீணாகும். அம்பு அதிர்ச்சியால் கொல்வதில்லை. கூரிய முனை நுரையீரலை அறுத்துக் குருதி வடியச் செய்தே கொல்கிறது என்பதால், பிழையான எய்தல் நீண்ட வேதனையாக முடியும். அருகில் செல்வது வில்லாளியின் பெருமைக்கானது மட்டுமன்று, அது விலங்குக்கு அவர் ஆற்றவேண்டிய கடமையுமாகும்.

இவ்வேட்டைக்குரிய நிலத்தையும் சட்டமே வரையறுத்தது. தாமே வில் செய்து வேட்டையாடிய ஆல்டோ லியோபோல்டின் முயற்சியால் 1924இல் நியூ மெக்சிகோவின் ஹீலா பகுதி சாலையற்ற காட்டுநிலமாக ஒதுக்கப்பட்டது. 1964ஆம் ஆண்டின் காட்டுநிலச் சட்டம் இத்தகைய 91 இலட்சம் ஏக்கரை மோட்டார் வண்டிகளும் இயந்திரப் போக்குவரத்தும் நுழையாத நிலமாக உறுதிசெய்தது. கைவண்டிக்கும் அங்கு இடமில்லையாதலால், வீழ்ந்த விலங்கின் இறைச்சியை வெப்பத்தில் கெடுமுன் முதுகிலோ கோவேறு கழுதையிலோ சுமந்து இறக்கவேண்டும். மலையருகே வாழ்வோர் வாரந்தோறும் சென்று காற்றையும் தடத்தையும் பழகிக்கொள்ள முடிவதால், இத்தகைய நிலத்தில் வீட்டின் அண்மையே பெரும் வலிமையாகிறது.

ஆனால் கருவியின் மாற்றம் வேறு திசையில் சென்றது. மிசூரி மாநிலத்தவரான ஹாலஸ் வில்பர் ஆலன் 1969இல் காப்புரிமை பெற்ற கப்பி வில், நாணை முழுவதும் இழுத்தபின் கையில் தங்கும் பாரத்தைப் பெருமளவு குறைத்து, நீண்ட நேரம் குறிவைக்க வழிசெய்தது. வில்லாளிகள் பெருகினர், வில், அம்பு விற்பனையும் 1970களில் வனவிலங்கு வரிக்குள் கொண்டுவரப்பட்டது. எனினும் நீண்ட செப்டம்பர் பருவத்துக்கு நியாயமாக இருந்தது கருவியின் குறைபாடே என்பதால், தொலைவு எட்டும் ஒவ்வொரு மேம்பாடும் அந்த நியாயத்தின் அடித்தளத்தையே அரிக்கிறது.

யாருடைய வீட்டுக்கு அருகிலுள்ள மலை என்ற கேள்வி நீதிமன்றத்துக்கும் சென்றது. 1868ஆம் ஆண்டின் உடன்படிக்கை தந்த உரிமையின்படி எல்க் வேட்டையாடிய பன்னாக் இனத்தவருக்கு எதிராக, வயோமிங் மாநிலமானதோடு அவ்வுரிமை அற்றுப்போயிற்று என 1896இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019இல், பிக்ஹார்ன் தேசியக் காட்டில் எல்க் வேட்டையாடிய க்ரோ இனத்தவரின் வழக்கில், ஐவருக்கு நால்வர் என்ற பெரும்பான்மையில் அதே நீதிமன்றம் அந்தப் பழைய வாதத்தைக் கைவிட்டு, மாநிலம் உருவானதால் மட்டுமே உடன்படிக்கை வேட்டையுரிமை முடிந்துவிடவில்லை என அறிவித்தது.