தங்கவயலில் தழைத்த ‘தமிழன்’

பெங்களூர் ஜீவனஹள்ளியில் வாழும் தமிழருக்கு ரெயிலின் ஓசை பழகிய ஓசை. காக்ஸ் டவுனை அடுத்த இப்பகுதிக்கு அருகே செல்லும் இருப்புப்பாதை, ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் தண்டுக்கு 1864ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அப்பாதையில் கிழக்கே சென்றால் பங்காருப்பேட்டை. அங்கிருந்து பிரியும் கிளைப்பாதை கோலார் தங்கவயலின் மாரிக்குப்பத்தில் சென்று முடிகிறது. இத்தண்டவாளங்களின் வழியே தமிழர் பிழைப்பைத் தேடி வந்தனர் என்பதை நாம் அறிவோம். அவர்களோடு ஒரு பத்திரிகையும் ஓர் இயக்கமும் வந்தன என்பதைப் பலர் அறியோம். அவ்வரலாற்றை இங்கே சிறிது நினைவுகூர்வோம்.

இவ்வியக்கத்தை வகுத்தவர் அயோத்திதாசப் பண்டிதர். 1845இல் பிறந்து, சித்த மருத்துவராக வாழ்ந்தவர். தீண்டாமைக்கு உட்படுத்தப்பட்ட மக்களைச் சாதிபேதமற்ற திராவிடர் என்று அழைத்து, அவர்களுக்காக 1891இல் திராவிட மகாஜன சபையைத் தோற்றுவித்தார். அவ்வாண்டு டிசம்பர் முதல் நாள் நீலகிரியில் கூடிய மாநாடு பத்துத் தீர்மானங்களை இயற்றியது. இழிவுப் பெயரால் அழைப்பதைத் தடுத்தல், பிள்ளைகளுக்குக் கல்வி வசதி, அரசாங்க உத்தியோகம், நகர சபைகளில் இடம், பொதுக் கிணறு குளங்களில் தண்ணீர் எடுக்கும் உரிமை ஆகியவை அவர்கள் கேட்டவை. சிறையிலும் இம்மக்களுக்கே தாழ்ந்த வேலைகளை ஒதுக்கிய விதியை நீக்குமாறும் அவர்கள் கோரினர்.

மறு ஆண்டு சென்னை மகாஜன சபையின் கூட்டத்தில் பண்டிதர் நேரில் எழுந்து பேசினார். ஆலய நுழைவைப் பற்றி அவர் கேட்ட கேள்வி அவையில் எதிர்ப்பைக் கிளப்பியது. உங்கள் தெய்வம் எங்களுக்கு வேண்டாம் என்ற கருத்தில் விடையிறுத்த அவர், இலவசப் பள்ளிகளும் தரிசு நிலமும் கிடைக்க வழிசெய்யுமாறு கேட்டார். இக்கோரிக்கையை அவை ஏற்றது. மதிப்பைக் கேட்ட அதே மூச்சில் பள்ளிக்கூடத்தையும் நிலத்தையும் கேட்டதுதான் இத்தலைவரின் தனித்தன்மை எனலாம்.

மனு எழுதுவதோடு நின்றுவிட்டால் மக்கள் உயரமாட்டார்கள் என்பதைப் பண்டிதர் உணர்ந்தார். ஆல்காட் துரை 1894இல் சென்னையில் ஒடுக்கப்பட்ட குழந்தைகளுக்காக இலவசப் பள்ளியைத் தொடங்கிய முயற்சிக்கு அவர் துணைநின்றார். 1898இல் ஆல்காட்டுடன் இலங்கை சென்று பௌத்தம் தழுவித் திரும்பி, சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வார இதழைத் தொடங்கினார். நான்கு பக்கம், விலை ஒரு பைசா. அடுத்த ஆண்டே அது ‘தமிழன்’ என்று பெயர் சுருங்கியது. ஆனால் அதன் வீச்சு விரிந்தது.

அவ்விரிவுக்குக் காரணம், ஊர் விட்டு ஊர் போன உழைப்பாளிகளே. பெங்களூர், தங்கவயல், ஹூப்ளி ஆகிய இடங்களிலும், கடல் கடந்து ரங்கூனிலும் தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் சங்கத்தின் கிளைகள் தோன்றின. தங்கவயலில் 1880 முதல் ஜான் டெய்லர் கம்பெனியின் சுரங்கங்கள் நடைபெற்று வந்தன. அவற்றின் ஆழங்களில் உழைத்தவர்களில் பெரும்பாலோர் வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து வந்த ஒடுக்கப்பட்ட தமிழர். அங்கே எம். ஒய். முருகேசம், ஈ. நா. அய்யாக்கண்ணுப் புலவர் முதலியோர் இயக்கத்தை வளர்த்தனர். கூட்டங்களில் சொற்பொழிவு நடந்தது. இதழ் உரக்க வாசிக்கப்பட்டது. திருமணமும் ஈமச் சடங்கும் புரோகிதரின்றித் தம்முள்ளேயே நடத்திக்கொள்ளப்பட்டன. பகலெல்லாம் பூமிக்கு அடியில் இருந்தவன், மாலையில் சங்கத்தின் உறுப்பினனாகத் தலைநிமிர்ந்து அமர்ந்தான்.

1914ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் பண்டிதர் மறைந்தார். சில காலத்தில் ‘தமிழன்’ நின்றது. அதை 1926இல் மீண்டும் எழுப்பியவர் ஜி. அப்பாதுரையார். எங்கிருந்து? சென்னையிலிருந்து அன்று; கோலார் தங்கவயலிலிருந்து! பண்டிதரின் நூல்களையும் தங்கவயலின் சித்தார்த்த புத்தகசாலை அச்சிட்டு வழங்கியது. தாயகத்தில் அணைந்த விளக்கை, பிழைக்கச் சென்ற மக்கள் தம் கூலிக் காசால் ஏற்றினர்.

உலகின் மறுகோடியிலும் இதையொத்த காட்சியைக் காண்கிறோம். அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைக்காக 1909இல் ஒரு தேசியச் சங்கம் அமைந்தது. மறு ஆண்டு டுபாய்ஸ் அதற்கெனப் பத்திரிகை தொடங்கினார். 1966இல் ஓக்லண்டில் தோன்றிய கருஞ்சிறுத்தைகள் கட்சி அரசியல் பேசியது. 1969 முதல் பள்ளிக் குழந்தைகளுக்குக் காலை உணவும் இட்டது. அதன் பெயரைத் தழுவி 1972இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் எழுந்தனர். வழிமுறைகள் வேறு, காலமும் வேறு. ஆயினும் உரிமைக்குரலும் அன்றாடத் தொண்டும் ஒரு வண்டியின் இரு சக்கரங்கள் என்பதை இம்மூவரும் கண்டனர். அதனை அவர்களுக்கு முன்பே நடத்திக் காட்டியவர்களுள் நம் பண்டிதரும் தங்கவயல் தொழிலாளரும் இருந்தனர் என்பது நாம் மறக்கத்தகாத செய்தி.

ஆனால் மறந்தோம் என்பதே உண்மை. பண்டிதரின் எழுத்துக்கள் நெடுங்காலம் அறிஞர் பார்வைக்கும் எட்டாமலே கிடந்தன. அன்பர் சிலர் தம் வீடுகளில் பேணிக் காத்த ‘தமிழன்’ பிரதிகள் இருந்தமையால்தான், ஞான. அலாய்சியஸ் அவற்றைத் தொகுக்க, 1999இல் பாளையங்கோட்டையிலிருந்து பெருந்தொகுதிகளாக அவை வெளிவந்தன. பைசா விலையுள்ள தாளைத் தூக்கி எறியாதிருந்த கைகளுக்கு வரலாறு கடன்பட்டிருக்கிறது.

2001ஆம் ஆண்டு பிப்ரவரியில் தங்கவயல் சுரங்கங்கள் மூடப்பட்டன. மாரிக்குப்பத்திற்கு ரெயில் இன்றும் செல்கிறது. தங்கவயலின் மக்கள் வேலைக்காக நாள்தோறும் பெங்களூருக்கு வந்து போகின்றனர். நம் வீடுகளின் பரணிலும் பெட்டிகளிலும் தாத்தா காலத்துச் சங்க ரசீதோ, கூட்ட அழைப்பிதழோ, மங்கிய இதழோ கிடக்கலாம். வீடு மாற்றும் நாளில் அவற்றைப் பழைய காகிதக்காரரிடம் எடைக்குப் போடுவதற்கு முன், ஒருமுறை பிரித்துப் படிப்போம். பிள்ளைகளையும் அருகில் அமர்த்திக்கொள்வோம்.