பலாதுரும் பலாதுரீயும்

சங்கப் புலவர்கள் தகடூர் என்று பாடிய ஊரே இன்றைய தருமபுரி. அதனை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி, ஏறுதற்கரிய மலையில் பெற்ற நெல்லிக்கனியைத் தான் உண்ணாது ஔவையாருக்கு ஈந்தான் என்பது புறநானூறு கூறும் செய்தி. சாவை விலக்கும் கனி என்று அதனைக் கருதினர். ஆகவே, மலையிலிருந்து வரும் மருந்தின்மீது இம்மண்ணுக்குள்ள நம்பிக்கை நேற்று முளைத்ததன்று.

1965-ஆம் ஆண்டில் சேலத்தினின்று பிரிந்து தனி மாவட்டமான இப்பகுதியின் வறண்ட காடுகளுக்குரிய மரம் சேராங்கொட்டை. வேலிகளில் படர்வது செங்காந்தள். தோட்டங்களிலும் நெடுஞ்சாலையின் நடுத்திட்டிலும் பூத்து நிற்பது அரளி. இம்மூன்றையும் புற்றுநோய்க்குக் கைகண்ட மருந்து என்று சொல்வோர் உளர். முன்பு வாரச் சந்தையில் விரிப்பின்மேல் வேர்களைப் பரப்பி வைத்துச் சொன்னார்கள். இப்போது அதே பேச்சு குரல் பதிவாகக் கைபேசியில் வந்து சேர்கிறது. நம் வீடுகளில் அது விலைபோவதற்கென ஒரு முத்திரையும் குத்தப்படுகிறது: “இது யூனானி, இப்னு ஸீனா எழுதியது, நம் ஹகீம்கள் கொடுத்தது.” அந்தப் பெரியோர் உண்மையில் என்ன செய்தார்கள் என்று பார்ப்பது நம் கடமையாகிறது.

சேராங்கொட்டையிலிருந்து தொடங்குவோம். மாவும் முந்திரியும் சேர்ந்த குடும்பத்து மரம் அது. அதன் கொட்டையிலுள்ள கரிய சாற்றைக் கொண்டுதான் சலவைத் தொழிலாளர் துணிகளில் அழியாக் குறி இட்டனர். தோலில் பட்டால் கொப்புளம் எழும். சிலருக்கு உடல் முழுதும் தடித்து வீங்கும். மரத்தடியில் போகவே நம் மக்கள் அஞ்சுவர். வடமொழியில் பல்லாதகம் எனப்படும் இக்கொட்டை இந்தியாவினின்று கப்பலேறி அரபு நாடுகளுக்குச் சென்று அங்கே ‘பலாதுர்’ ஆயிற்று. நினைவாற்றலைப் பெருக்கும் மருந்து என்று அங்கே அதற்குப் பெரும் பெயர். பத்தாம் நூற்றாண்டில் கைரவான் நகரத்து மருத்துவர் இப்னுல் ஜஸ்ஸார், மறதி பற்றித் தனி நூலே எழுதி அதில் பலாதுரையும் சேர்த்தார். பின்னாளில் ஐரோப்பியர் அந்த இலேகியத்துக்கு ‘அறிஞர் இலேகியம்’ என்று பெயரிட்டனர்.

இந்தப் பெயரைக் கேட்டதும் வரலாறு பயின்றோருக்கு ஒருவர் நினைவு வரும். கலீஃபா முத்தவக்கிலின் அவையில் இருந்தவரும், ‘ஃபுதூஹுல் புல்தான்’ என்னும் வெற்றி வரலாற்றை எழுதியவருமான அஹ்மத் இப்னு யஹ்யா அல்-பலாதுரீ அவர்கள். சிந்து வெற்றியைப் பற்றி நமக்குக் கிடைக்கும் பழஞ்செய்திகளில் பெரும்பகுதி அந்நூலில் உள்ளது. ஹிஜ்ரி 279, அதாவது கி.பி. 892 வாக்கில் அவர் மறைந்தார். இன்னதென்று அறியாமல் பலாதுர்ச் சாற்றைக் குடித்து, இறுதி நாள்களில் சித்தம் கலங்கிக் கட்டுண்டு கிடந்து இறந்தார் என்று இப்னு நதீம் பதிவு செய்துள்ளார். அதனாலேயே அப்பெயர் நிலைத்தது என்பர். குடித்தவர் இவரல்லர், இவருடைய பாட்டனாரே என்று ஐயுற்றவர்களும் உண்டு. அந்த வழக்கு இன்னும் தீரவில்லை. யார் குடித்திருந்தாலும், ஒரு குடும்பத்தின் பெயரே நஞ்சின் பெயராகிவிட்டது. இந்தியாவின் செய்தியைத் தம் நூலில் காத்தவருக்கு இந்தியாவின் கொட்டை செய்த கைம்மாறு இது!

நினைவுக்கென்று புகழ்பெற்ற பொருள் அறிவையே பறித்த இக்கதையை அக்கால மருத்துவர்கள் மறக்கவில்லை. அவர்கள் அம்மருந்தை விட்டுவிடவுமில்லை. எச்சரிக்கையோடும் அளவோடும் கையாண்டார்கள். நம் சித்த மருத்துவரும் சேராங்கொட்டையைச் சுத்தி செய்த பின்னரே நெய்யிலோ இளகத்திலோ சேர்ப்பர். சுத்தி என்பது சடங்கன்று; நஞ்சைத் தணிக்கும் வேலை.

அளவும் சோதனையும் இல்லாமல் மருந்து இல்லை என்பதே அப்பெரியோரின் கொள்கை. இமாம் ராஸீ பாதரசத்தை மனிதனுக்குக் கொடுக்குமுன் ஒரு குரங்குக்குக் கொடுத்துப் பார்த்தார். இப்னு ஸீனா தம் ‘கானூன்’ நூலின் இரண்டாம் பகுதியில் மருந்தைச் சோதிக்க ஏழு நிபந்தனைகள் விதித்தார். சிக்கலற்ற ஒற்றை நோயில் சோதிக்க வேண்டும். ஒருமுறை பலித்தது போதாது, திரும்பத் திரும்பப் பலிக்க வேண்டும். சிங்கத்துக்கோ குதிரைக்கோ ஒத்தது மனிதனுக்கு ஒக்கும் என்று கொள்ளலாகாது என்பவை அவற்றுள் சில. “என் அண்டை வீட்டாருக்குக் குணமாயிற்று” என்ற ஒற்றைச் சாட்சியம் அந்த ஏழில் ஒன்றையேனும் கடக்குமா? இப்னு ஸீனாவின் பெயரைச் சொல்லி விற்பவர்கள் இந்தப் பக்கத்தை மட்டும் புரட்டுவதே இல்லை.

புற்றுநோயைப் பற்றி அவர்கள் சொன்னதும் கவனிக்கத்தக்கது. குர்துபாவின் அறுவை மருத்துவ மேதை அஸ்-ஸஹ்ராவீ (மறைவு கி.பி. 1013 வாக்கில்), கட்டி தொடக்க நிலையில் சிறிதாக, முழுதும் அகற்றக்கூடிய இடத்தில் இருந்தால் அறுத்தெடுக்கலாம் என்றார். முற்றிப் பெருத்துவிட்டால் அதனை நெருங்கலாகாது என்றார். அத்தகைய நோயாளி ஒருவரையும் தாம் குணப்படுத்தியதில்லை, தமக்கு முன் எவரும் குணப்படுத்தக் கண்டதுமில்லை என்று ஒளிவின்றி எழுதினார். மார்க்கமும் இதில் கண்டிப்பாக இருக்கிறது. மருத்துவம் அறியாதவன் மருத்துவம் செய்து தீங்கு நேர்ந்தால் அவனே அதற்குப் பொறுப்பாளி என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதை அபூதாவூத் பதிவு செய்துள்ளார்.

இனிச் செங்காந்தள். கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் மலர்களின் வரிசையைத் தொடங்கி வைக்கும் இம்மலரே தமிழ்நாட்டின் மாநில மலர். கலப்பைக் கிழங்கு, கண்வலிக் கிழங்கு என்பவை அதன் கிழங்குக்கு வழங்கும் பெயர்கள். கிழங்கிலும் விதையிலும் இருப்பது கோல்ச்சிசின் என்னும் நஞ்சு. கீல்வாத மருந்தாக அது உலகெங்கும் விற்கிறது. அதற்காகவே தமிழ்நாட்டு உழவர்கள் விதையை ஏற்றுமதிக்குப் பயிரிடுகிறார்கள். யூனானியில் மூட்டுவலிக்குத் தரும் சூரன்ஜான் வேறு செடியாயினும் அதிலுள்ளதும் இதே பொருள். ஹகீம்கள் இனிப்புச் சூரன்ஜானை மட்டுமே உள்ளுக்குக் கொடுத்தனர்; கசப்புச் சூரன்ஜான் வெளிப்பூச்சுக்கு மட்டும். இந்த ஒரு வேறுபாட்டில் எத்தனை தலைமுறையின் அனுபவம் அடங்கியிருக்கிறது!

புற்றுக்கும் இதற்கும் தொடர்பு எப்படி வந்தது? 1934-இல் பெல்ஜிய அறிஞர் டஸ்டின், கோல்ச்சிசின் உயிரணுக்கள் பிரிந்து பெருகுவதைத் தடுக்கிறது என்று கண்டார். கட்டுக்கடங்காமல் பெருகுவதே புற்று என்பதால் நம்பிக்கை எழுந்தது இயல்பே. ஆனால் நம் குடலின் உட்பூச்சும் எலும்பு மஜ்ஜையும் மயிர்க்கால்களும் ஓயாது பெருகும் உயிரணுக்களால் ஆனவை. கட்டியைத் தடுக்கும் அளவும் ஆளைக் கொல்லும் அளவும் மிக நெருங்கியிருந்தமையால் அது புற்று மருந்தாக நிலைக்கவில்லை. கிழங்கைத் தின்றவருக்குச் சில மணி நேரம் ஒன்றும் தெரியாது. பிறகு ஓயாத வாந்தியும் பேதியும். அடுத்த சில நாள்களில் மஜ்ஜை ஒடுங்கி வெள்ளணுக்கள் குறையும். சிறுநீரகமும் இதயமும் தளரும். பிழைத்தவருக்கு ஓரிரு வாரத்தில் முடி கொட்டும். இலங்கையில் அப்படி உடல் முழுதும் முடி உதிர்ந்த ஒருவரைப் பற்றி 1966-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் செய்தி வந்தது. மருத்துவமனைகளில் எளிதில் கிடைக்கும் மாற்று மருந்து இதற்கு இல்லை.

அரளியின் கதை சுருக்கமானது. அதன் நஞ்சு நேரே இதயத்தின் துடிப்பைக் குலைக்கும். துருக்கி மருத்துவர் ஸியா ஓஸல், 1960-களில் தொடங்கி அரளிச் சாறு புற்றைக் கரைக்கும் என்று கூறி வந்தார். பிற்பாடு அமெரிக்காவில், ஊசி மருந்தாக அளந்து பதினெட்டு நோயாளிகளுக்கு அது கொடுக்கப்பட்டது. 2006-இல் வெளியான முடிவின்படி ஒருவருக்கும் கட்டி சுருங்கவில்லை. அளந்து கொடுத்தும் பயனில்லாத ஒன்றை வீட்டில் இலையாகக் காய்ச்சிக் குடிக்கச் சொல்வது எந்த வைத்தியம்?

“செடியிலிருந்துதானே புற்று மருந்தே வருகிறது, நித்தியகல்யாணி இல்லையா?” என்று நம்மிடம் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. சுடுகாட்டு மல்லி என்றும் நாம் சொல்லும் அச்செடியை நீரிழிவு மருந்தாக எண்ணிக் கனடாவில் நோபிளும் பீரும் எலிகளுக்குக் கொடுத்தனர். சர்க்கரை குறையவில்லை; வெள்ளணுக்கள் குறைந்து எலிகள் இறந்தன. அந்தத் தோல்வியிலிருந்தே 1958-இல் வின்பிளாஸ்டின் வெளிப்பட்டது. அதன் உடன்பிறப்பான வின்கிறிஸ்டின் குழந்தைகளின் இரத்தப் புற்றுக்கு இன்றும் உயிர் மருந்து. ஆனால் ஒரு கிராம் மருந்துக்கு நூற்றுக்கணக்கான கிலோ உலர் இலை வேண்டும். வளர்ந்தவருக்கு ஒரு வேளைக்கு வழக்கமான மேல் எல்லை 2 மில்லிகிராம். அவ்வளவு நுண்ணிய பொருளைக் கைப்பிடி இலையில் யார் அளப்பது?

நஞ்சு தீண்டாமலே தீங்கு விளையவும் கூடும். வழக்கமான சிகிச்சையை மறுத்து மாற்று மருத்துவத்தை மட்டுமே நாடியவர்களை அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்து 2018-இல் வெளியிட்டனர். அவர்கள் இறக்கும் வாய்ப்பு சுமார் இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றில் ஐந்து மடங்குக்கும் மேல். மார்பில் கட்டி கண்ட தாய்மார் வெட்கத்தாலும் அச்சத்தாலும் வெளியே சொல்லாமல் வேர் மருந்தில் கழிக்கும் மாதங்களையே அந்தக் கணக்கு பேசுகிறது. அஸ்-ஸஹ்ராவீ அறுக்கலாம் என்ற நிலைக்கும், நெருங்கலாகாது என்ற நிலைக்கும் இடைப்பட்ட மாதங்கள் அவை.

புற்றைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள், மாய நிவாரணங்கள் சட்டம் தடை செய்கிறது. இந்திய மருந்து விதிகளில், ஆயுர்வேத, சித்த, யூனானி மருந்துகளில் சேரும் நச்சுப் பொருள்களுக்குத் தனி அட்டவணை உண்டு. சேராங்கொட்டை, கலப்பைக் கிழங்கு, அரளி மூன்றும் அதில் இருக்கின்றன. அவை சேர்ந்த உள்மருந்தின் பொட்டலத்தில் மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே உட்கொள்ள வேண்டும் என்று அச்சிடுவது கட்டாயம். சந்தையில் செய்தித்தாளில் மடித்துத் தரும் பொட்டலத்தில் அந்த வரி இருக்காது.