சிம்பொனியா, இல்லையா?

2005இல் இளையராஜாவின் ‘திருவாசகம்’ வெளிவந்ததும் ஒரு பெயர்ச்சண்டை கிளம்பியது. பாட்டும் சேர்ந்திசையுமாக இருப்பதால் இது சிம்பொனி இல்லை, ஆரட்டோரியோ என்றார்கள் மேற்கத்திய இசை அறிந்தவர்கள். சரிதான். 2025 மார்ச்சில் லண்டனில் அரங்கேறிய ‘வேலியன்ட்’டுக்குத்தான் ‘சிம்பொனி எண் 1’ என்று பேர். ஆனா 1986லேயே ஒரு ஆல்பத்துக்கு ‘ஹவ் டு நேம் இட்?’ என்று தலைப்பு வைத்த மனுஷர்கிட்ட பேரைப் பற்றி என்ன சண்டை!

எனக்குப் பெரிசாகப் பட்டது வேறு மனத்தாங்கல். ஓதுவார்கள் திருவாசகத்தை மோகனத்தில், சொல்லுக்குச் சொல் உருகிப் பாடுவது வழக்கம். அந்தக் காதுக்கு புடாபெஸ்ட் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா பெருங்கூட்டம். கயத்தாறில் ஒரு பெரியவர் கேட்டுவிட்டுச் சொன்னார்: “நல்லாத்தான்டே இருக்கு. சாமிகிட்ட அழுறதுக்கு இத்தனை பேரு எதுக்கு?” ‘பொல்லா வினையேன்’ பகுதியில் ஸ்டீபன் ஷ்வார்ட்ஸின் ஆங்கில வரிகள் வரும்போது நானும் அவர் கட்சிதான். ராஜாவின் தனிக்குரல் வந்தால் கட்சி மாறிவிடுவேன்.

ஆனால் ‘மரபு கெட்டது’ என்ற வாதம் நிற்காது. அம்மானை, உந்தியார், பூவல்லி எல்லாம் பெண்களின் விளையாட்டுப் பாட்டுகள். மாணிக்கவாசகர் அவற்றைத்தான் எடுத்துச் சிவனுக்குக் கொடுத்தார். ஆல்பத்தில் வரும் ‘முத்துநற்றாமம்’ திருப்பொற்சுண்ணம். உரலில் இடித்துக்கொண்டே பெண்கள் பாடுவது. கரிசலில் கம்பு குத்தும் உலக்கைச் சத்தம் கேட்டவர்களுக்கு அதன் நடையை யாரும் விளக்க வேண்டாம்.